மஞ்சள் தூக்கலான படம்

தோஸர், தூனிசியா
18 பிப்ரவரி 1968

அன்புள்ள எட்னா,

மூக்குத் தோல் உரிந்ததைத் தவிர நான் சுகமாக வந்து சேர்ந்தேன். உனக்கு உடம்பு எப்படி இருக்கிறது? கிளம்பும்போது முதுகு வலிக்கிறது என்றாயே, தேவலையா? கரி வாளியை நீ தூக்காதே, பக்கத்து வீட்டு பாட்டர்ஸ்பியைக் கூப்பிடு. அவருக்கும் வேறு வேலை கிடையாது.

எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. இங்கே விளக்குக்காரர்கள் என்னைத் ‘தலைவரே’ என்று கூப்பிடுகிறார்கள். முதல் நாள் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். தொலைக்காட்சிக்காக இருபது வருஷம் மழையில் நனைந்துகொண்டு கால்பந்தும், ஆலைப் புகைபோக்கியும், மேயர் ரிப்பன் வெட்டுவதும் கறுப்பு வெள்ளையில் எடுத்தவன் நான். இப்போது வண்ணத்தில், அகலத் திரைக்கு, ஒரு முழுநீளப் படத்தின் ஒளிப்பதிவாளர். முதலில் வைத்திருந்த ஆள் குதிரையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டதால் வந்த வாய்ப்பு இது என்பதை நான் மறக்கவில்லை. மறந்தாலும் நீ விடமாட்டாய்.

இங்கே எனக்கு ஒரே விரோதி மஞ்சள். மணலில் மஞ்சள், தூசியில் மஞ்சள், நடிகர்களின் பல்லில்கூட மஞ்சள். எடுத்த சுருளை வியாழக்கிழமை விமானத்தில் லண்டன் லேபுக்கு அனுப்புகிறோம். இந்தக் கடிதமும் அந்த டப்பாக்களோடுதான் வருகிறது. கழுவிப் பார்த்துவிட்டு அவர்கள் தந்தி அடிப்பார்கள். இதுவரை வந்த எல்லாத் தந்தியிலும் ஒரே வரி: மஞ்சள் தூக்கல். எனக்குக் கனவிலும் அதுதான்.

அக்கா மார்ஜரி புதிதாக வாங்கிய கேமராவில் வண்ணச் சுருள் போட்டு உன்னை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல். கேமரா வண்டியில் எல்லாரும் பெண்டாட்டி படத்தை ஒட்டி வைத்திருக்கிறார்கள். என்னிடம் இருப்பது பிளாக்பூல் கடற்கரையில் எடுத்தது. அதில் உனக்குப் பாதித் தலைதான் இருக்கிறது. எடுத்தது நானே என்று இங்கே யாரிடமும் சொல்லவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் கிளிஃப்


ஸ்டாக்போர்ட்
6 மார்ச் 1968

அன்புள்ள தலைவருக்கு,

பாதித் தலைக்காரி எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். மூக்கில் வெண்ணெய் தடவு. ஒட்டகம் நக்க வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

கறிக்கடை வரிசையில் உன் பெருமையைப் பேசிப் பேசி என் வாய் வலிக்கிறது. கடைக்காரரின் மனைவி, “சகாராவுல வெளிச்சத்துக்கு என்னம்மா பஞ்சம், அதுக்குப் போய் ஒரு ஆளு வேணுமா?” என்று கேட்டாள். உன்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். நீண்ட பதிலாக எழுதாதே, அவளுக்குப் பொறுமை கிடையாது.

முதுகு தேவலை. நீ இல்லாததால் சமைக்கச் சோம்பலாக இருக்கிறது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்கு குத்தியிருக்கிறேன். நாற்பத்தாறு வயதில் எனக்கு இடுப்பு வருவதைப் பார்க்க நீ இங்கே இல்லை. அடுத்த வாரம் விட்பிக்குப் போய் மார்ஜரி வீட்டில் இரண்டு வாரம் இருக்கலாம் என்றிருக்கிறேன். அங்கேயிருந்து எழுத நேரம் கிடைக்காமல் போனால் கவலைப்படாதே. உன் அக்கா பேச ஆரம்பித்தால் தெரியுமே.

கிளிஃப், நீ வீட்டை நினைத்துக்கொண்டு லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்துவிடாதே. இந்தப் படத்துக்கு நீ மட்டுமா காத்திருந்தாய்? நானும்தான்.

உன் எட்னா


ஸ்டாக்போர்ட்
26 மார்ச் 1968

அன்புள்ள மார்ஜரிக்கு,

நீயும் உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் சுகம்தானே. இந்தக் கடிதத்தை உட்கார்ந்துகொண்டு படி.

உன் வீட்டில் இரண்டு வாரம் தங்கப்போவதாகக் கிளிஃபுக்கு எழுதியிருந்தேன். உன் பெயரைக் கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு மன்னித்துக்கொள். நான் இருந்தது மான்செஸ்டர் ஆஸ்பத்திரியில். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், அப்படியே தைத்து மூடிவிட்டார்கள். கணையத்தில் புற்று. அறுவை செய்த டாக்டர் என் கட்டில் ஓரத்தில் வந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. “எடுக்கற நிலைமையில இல்லம்மா. இந்தக் கோடைய நல்லபடியா கழிக்கப் பாருங்க” என்றார். கோடை முழுவதுமா, பாதியா என்று கேட்டேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கண்ணும் தோலும் மஞ்சளாகிக்கொண்டு வருகின்றன. அது இனி கூடும், குறையாது என்கிறார்கள்.

கிளிஃபிடம் நீ சொல்லக்கூடாது. சொன்னால் அன்றைக்கே கேமராவைப் போட்டுவிட்டு ஓடிவருவான். அவர்கள் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். நடுவில் விட்டுவிட்டு வந்தவன் என்று பேர் வந்தால் அப்புறம் எந்தக் கம்பெனி கூப்பிடும்? மேயரும் ரிப்பனும்தான் கடைசிவரை. இருபது வருஷமாக ஒவ்வொரு சினிமா முடிந்ததும் விளக்குப் போட்ட பிறகும் எழுந்திருக்காமல், ஒளிப்பதிவாளர் பெயர் வந்த இடத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பக்கத்தில் நானும் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவையாவது அங்கே அவன் பெயர் வரவேண்டும். ஜூன் முதல் வாரம் முடிந்துவிடும் என்றிருக்கிறான். அதுவரை நான் இருந்துவிடுவேன்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

எட்னா


விட்பி
29 மார்ச் 1968

எட்னா,

உடம்பு எப்படி என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. உன் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன், நீ சொன்னபடி உட்காரவில்லை. அதற்கு அனுபவித்தேன்.

நீ செய்வது தப்பு. அவன் உன் புருஷன், தபால்காரன் அல்ல. பின்னால் அவனுக்குத் தெரியவரும்போது என்ன ஆவான் என்று யோசித்தாயா? அந்தப் படத்தை அவனால் ஒரு தடவையாவது உட்கார்ந்து பார்க்க முடியுமா? ஆனால் நீ ஒன்று தீர்மானித்தால் உன்னைக் கிரேன் வைத்து நகர்த்தினாலும் நகரமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கமாட்டேன். மனசார ஒப்புக்கொண்டு அல்ல.

ஈஸ்டர் விடுமுறைக்கு வருகிறேன். அதற்குப் பிறகும் லீவு கேட்டிருக்கிறேன். அவனுக்கு வண்ணப் படம் வேண்டுமாமே. எடுக்காமல் விட்டால் சந்தேகப்படுவான். பவுடர் போட்டுக்கொள். நல்ல மேசைத்துணியை விரித்து, தேநீர் வைத்து, ஒன்றும் நடக்காததுபோல உட்கார். என் கை நடுங்காமல் இருக்கவேண்டும்.

கஞ்சியாவது குடி.
மார்ஜரி


தோஸர்
27 ஏப்ரல் 1968

அன்புள்ள எட்னா,

இங்கே எல்லாரும் நலம், வயிற்றுப்போக்கு வந்த நாலு பேரைத் தவிர. ஈஸ்டர் நன்றாகப் போனதா? மார்ஜரி உன்னைத் தேவாலயத்துக்கு இழுத்துக்கொண்டு போனாளா?

படம் வந்தது. முழுத் தலையும் இருக்கிறது, என் அக்கா என்னைவிட நல்ல கேமராக்காரிதான். உன் அம்மா கொடுத்த மேசைத்துணியைக்கூட விரித்திருக்கிறாய். ஆனால் அச்சுப் போட்டவன் என் கையில் கிடைத்தால் போதும். உன் முகமும் கையும் மஞ்சளைக் கரைத்துப் பூசியதுபோல் இருக்கின்றன. கண் வெள்ளைகூட மஞ்சள். லண்டன் லேபுதான் என்னைப் படுத்துகிறது என்று பார்த்தால், நம் தெரு மருந்துக்கடையில் படம் கழுவுகிற ஆலரன்ஷாவுமா? நான் அவனிடம் சொன்னதாகச் சொல்: மஞ்சளைக் குறைத்து, நீலத்தைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி அச்சுப் போடவேண்டும். நெகட்டிவில் குறை இருக்காது. அச்சுப் போடுகிறவன் சோம்பேறி, அவ்வளவுதான். வெட்கப்படாமல் சண்டை போடு.

ஆனாலும் அதைத்தான் வண்டியில் ஒட்டி வைத்திருக்கிறேன். கேமரா உதவியாள் ஒருவன், “தலைவரே, உங்க வீட்டம்மாவும் பாலைவனத்துக்கு வந்துட்டாங்க போல, நம்ம மஞ்சள் அவங்களையும் பிடிச்சிருச்சு” என்றான். எல்லாரும் சிரித்தோம்.

வேலை நன்றாகப் போகிறது, எட்னா. சொல்லவே பயமாக இருக்கிறது, அவ்வளவு நன்றாகப் போகிறது. போன வாரத் தந்தியில் மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ‘அழகு’ என்று ஒரே சொல். தந்தியை மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன்.

உன் கிளிஃப்


ஸ்டாக்போர்ட்
7 மே 1968

அன்புள்ள கிளிஃப்,

நாங்கள் சுகம். உன் தந்தியை நினைத்து இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். அதைத் தொலைத்துவிடாதே, வியர்வையில் ஊறிவிடப்போகிறது.

ஆலரன்ஷாவிடம் சண்டை போட்டாயிற்று. பாவம், அவன் என் முகத்தையும் படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நீ சொன்னதுபோல அவன் சோம்பேறிதான். நீலம் கூட்டுவதெல்லாம் அவனால் ஆகாது. அதனால் உனக்குப் பழக்கமான சமாச்சாரமாகவே அனுப்புகிறேன். கடைத்தெரு ஸ்டூடியோவுக்கு மார்ஜரி என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். கறுப்பு வெள்ளை. இதில் உன் விரோதி நுழைய முடியாது. ஸ்டூடியோக்காரன் என் முகவாயைப் பிடித்து இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றான். என் புருஷன் யார் தெரியுமா என்று கேட்டுவிட்டேன்.

மார்ஜரி இங்கேயே கொஞ்ச நாள் இருக்கிறாள். சும்மாதான், கடல்காற்று அலுத்துவிட்டதாம்.

உன் எட்னா


தோஸர்
19 மே 1968

அன்புள்ள எட்னா,

உனக்கும் என் அக்காவுக்கும் என் அன்பு. இரண்டு பேரும் ஒரே சமையலறையில் இத்தனை நாள் உயிரோடு இருப்பது ஆச்சரியம்தான்.

ஸ்டூடியோப் படத்தைப் பிரித்துப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். இத்தனை வருஷம் நான் உன்னைச் சரியாகப் பார்க்கவே இல்லையா? இந்தக் கன்ன எலும்பு எங்கே ஒளிந்திருந்தது? பக்கவாட்டு விளக்கு அதன்மேல் விழுந்து, கீழே ஒரு நிழல். இந்த நிழலுக்காக எங்கள் கதாநாயகியின் முகத்தோடு நான் தினமும் மல்லுக்கு நிற்கிறேன். உனக்குச் சும்மாவே வருகிறது. இளைத்தது உனக்கு நன்றாக இருக்கிறது. நான் வந்ததும் உருளைக்கிழங்கு கொடுத்துக் கெடுத்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் நீதான் முடிவு சொல்லவேண்டும். கதையின் கடைசிக் காட்சி இங்கே ஒரு உப்பு ஏரியில். கதாநாயகி விடியற்காலையில் ஏரியின் குறுக்கே தனியாக நடந்து போகிறாள். இந்த வருஷம் மழை அதிகம், ஏரி காயவில்லை, லாரி இறங்கினால் புதைந்துவிடும். ஜூன் கடைசியில்தான் எடுக்கமுடியும் என்கிறார்கள். அதனால் வேலை நீள்கிறது. இடையில் பத்து நாள் ஊருக்கு வந்து போகலாம், கம்பெனி விமானத்தில் இடம் தருகிறது. வராமல் இங்கேயே இருந்தால் தினமும் விடியலில் ஏரிக்குப் போய் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளலாம். எனக்கு வரவும் ஆசை, இருக்கவும் ஆசை. வா என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுகிறேன்.

உன் கிளிஃப்


ஸ்டாக்போர்ட்
28 மே 1968

அன்புள்ள கிளிஃப்,

நலம். விரலில் கத்தி பட்டுவிட்டது, அதனால் மார்ஜரி தட்டச்சு செய்கிறாள். பிழை இருந்தால் அவளுடையது.

வராதே. வந்தால் பத்து நாளும் ஏரியையே நினைத்துக்கொண்டு என் சாப்பாட்டைக் குறை சொல்வாய். அங்கேயே இருந்து வெளிச்சத்தைப் பார். ஜூன் கடைசி ஒன்றும் தூரமில்லை.

கன்ன எலும்பைப் பற்றி நீ எழுதியதை மார்ஜரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் நீ என்னைப் பற்றி இவ்வளவு எழுதியதில்லை.

உன் எட்னா


தோஸர்
7 ஜூன் 1968

மார்ஜரி,

நலம் விசாரிக்க எனக்கு நேரம் இல்லை, உனக்கும் பதில் சொல்ல வாய் இருக்காது.

நேற்று எங்கள் ஒப்பனைக்காரி டோரீன் கேமரா வண்டிக்கு வந்தாள். கதாநாயகிக்குப் பவுடர் அதிகம் என்று நான் சொல்லி அனுப்பியிருந்தேன், அதற்குச் சண்டை போட வந்தாள். பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு, ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து, “யாருக்குக் காமாலை?” என்று கேட்டாள். காமாலை இல்லை, அச்சு மஞ்சள், ஆலரன்ஷா என்றொரு சோம்பேறி என்று ஆரம்பித்தேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்தாள். “அச்சு மஞ்சள்னா மேசைத்துணி எப்படிக் கிளிஃப் வெள்ளையா இருக்கு?” என்றாள்.

துணி வெள்ளை, மார்ஜரி. தேநீர்க் கோப்பை வெள்ளை. பின்னால் ஜன்னல் சட்டம் வெள்ளை. அச்சுக் கெட்டிருந்தால் எல்லாமே மஞ்சளாக இருக்கவேண்டும். முதல் வாரம் வேலைக்கு வந்தவனுக்குக்கூட இது தெரியும். எனக்குத் தெரியவில்லை. ஆறு வாரமாக ஒவ்வொரு காலையும் அதன் முன்னால் நின்று சவரம் செய்துகொண்டிருந்தேன்.

இரண்டாவது படத்தையும் டோரீன் பார்த்தாள். “இந்தக் கன்னத்த வரவழைக்க எனக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். சாப்பிடாம கெடந்தா தானா வரும்” என்றாள். பிறகு என் தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றாள், பவுடரைப் பற்றிப் பேசவே இல்லை.

எட்னாவுக்கு என்ன என்று எனக்கு நீ எழுத வேண்டாம். நீ மாதக்கணக்கில் அங்கே இருப்பதும், கத்திக் காயமும் போதும். தயாரிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. “போனா போனதுதான் கிளிஃப். வேற ஆள் வந்து முடிப்பான். படம் அவன் பேர்லதான் வரும், எனக்கு வேற வழியில்ல” என்றார். சரி என்றேன். பிறகு வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். படத்துக்காக அல்ல. இளைத்தது உனக்கு நன்றாக இருக்கிறது என்று எழுதினேனே, அதற்காக.

புது ஆள் வந்து இறங்கியதும் நான் கிளம்புகிறேன். டப்பாக்களோடு போகும் இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வரும். எட்னாவிடம் காட்டாதே. மணல் புயலால் படப்பிடிப்பு நின்றுவிட்டது, எல்லாரையும் ஒரு மாதம் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று சொல்லப்போகிறேன். நீயும் அதையே சொல். அவள் எனக்காகத்தான் மறைத்தாள். அது வீணாயிற்று என்று அவளுக்குத் தெரியக்கூடாது.

நான் வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்.
கிளிஃப்


ஸ்டாக்போர்ட்
16 மார்ச் 1969

அன்புள்ள மார்ஜரிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். அடக்கத்துக்குப் பிறகு நீ போட்ட கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் எழுத உட்காருவேன், அன்புள்ள என்று எழுதுவேன், அதற்குமேல் போகாது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பழைய வேலைக்கே எடுத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை டான்காஸ்டர் குதிரைப் பந்தயம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாட்டு. குதிரைகள் பரவாயில்லை, பாடகர் குழுவை ஒழுங்காக நிற்கவைப்பதுதான் கஷ்டம்.

அந்தப் படம் மான்செஸ்டரில் வந்திருக்கிறது. நேற்றுப் போனேன். நான் எடுத்தது முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. ஒளிப்பதிவு என்று எனக்குப் பிறகு வந்த புது ஆளின் பெயர் வந்தது. அவன் கெட்டிக்காரன், குறை சொல்வதற்கில்லை. உப்பு ஏரிக் காட்சியே இல்லை. ஏரி காயும்வரை காத்திருக்க முடியவில்லை போலிருக்கிறது. கதாநாயகி ஒரு ஜீப்பில் ஏறிப் போய்விடுகிறாள், படம் முடிந்துவிடுகிறது. விளக்குப் போட்டதும் நான் உடனே எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மார்ஜரி, எனக்கு ஒன்று மனசைப் போட்டு அரிக்கிறது. நான் வந்து நின்ற அன்றைக்கு எட்னா சோபாவில் படுத்துக்கொண்டே, “என்ன, அச்சு இப்பவும் மஞ்சளாத்தான் இருக்கா?” என்று கேட்டாளே, அதோடு அவள் பக்கத்துப் பொய் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் மறைக்கவில்லை. வலியைச் சொன்னாள், பயத்தைச் சொன்னாள். நான்தான் கடைசி நாள்வரை பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணல் புயல் என்றேன். திரும்பிப் போய் ஏரிக் காட்சியை எடுப்பேன் என்றேன். தினமும் சாயங்காலம் அவள் அதைக் கேட்பாள். நானும் சொல்லுவேன். விளக்கே வைக்கமாட்டேன், சூரியன் ஒரு விரல் உயரம் வரும்வரை கேமராவை ஓடவிடமாட்டேன், கீழே உப்பும் மேலே வானமும் ஒரே வெள்ளையாக இருக்கும், எங்கே தரை முடிகிறது என்று தெரியாது, அதில் அவள் நடக்க நடக்க உப்பு மெல்லச் சிவக்கும் என்பேன். “கால்ல செருப்பு இருக்கா?” என்று ஒரு நாள் கேட்டாள். இருக்கிறது என்றேன். “வேண்டாம், கழட்டச் சொல்லு, ஈரம் தெரியணும்” என்றாள். மறுநாள் கழற்றிவிட்டுச் சொன்னேன். இன்னொரு நாள் தூரத்தில் ஒரு பறவை வேண்டும் என்றாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். தூங்கிவிட்டாள் என்று நிறுத்தினால், “அப்புறம்?” என்பாள்.

அவளுக்குத் தெரியாமலே போய்விட்டது, அது ஒன்றுதான் ஆறுதல் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அந்த ஜீப்பைப் பார்த்த பிறகு அந்த ஆறுதலும் போய்விட்டது. இருந்த கொஞ்ச நாளையும் அவளை ஏமாற்றியே கழித்திருக்கிறேன். நாங்கள் பேசிய கடைசிப் பேச்செல்லாம் பொய். வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது, அதனால்தான் உனக்கு எழுதுகிறேன்.

உன் தம்பி
கிளிஃப்


விட்பி
21 மார்ச் 1969

அன்புள்ள கிளிஃப்,

ஒன்பது மாதம் கழித்தாவது எழுதினாயே. நான் சுகம், முழங்காலைத் தவிர. நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று எழுதவில்லை, அதிலிருந்தே தெரிகிறது.

நான் எட்னாவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். இப்போது உடைக்கப்போகிறேன். அவள் கோபித்துக்கொள்ளட்டும், எனக்கு நீதான் மிச்சம்.

அவளுக்குத் தெரியும், கிளிஃப். நீ வந்து இறங்குவதற்கு இரண்டு நாள் முந்தியே தெரியும்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நீ சொன்னபடி மணல் புயல் கதையை அவளிடம் சொன்னேன். நம்பினாள், சந்தோஷப்பட்டாள். மறுநாள் லண்டன் ஆபீசிலிருந்து தொலைபேசி. ஒரு பெண், மிஸ்டர் கிளிஃப் கார்சைட் படத்திலிருந்து விலகிவிட்டாரே, அவர் பெட்டிகளை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று கேட்டாள். என் வாயைத்தான் உனக்குத் தெரியுமே, வகுப்பில் கடைசி பெஞ்சு வரை கேட்கிற வாய். “விலகிட்டாரா? படத்தை விட்டே விலகிட்டாரா?” என்று கத்திவிட்டேன். முன்னறைக் கதவு திறந்திருந்தது.

உள்ளே போனபோது எட்னா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரியிலும் அழாதவள், டாக்டர் சொன்னபோதும் அழாதவள், அன்றைக்கு அழுதாள். நான் கொண்டுவந்த தேநீர் ஆறிப்போகும் வரை அழுதாள். பிறகு எழுந்து உட்கார்ந்து தலை வாரிவிடச் சொன்னாள். வாரிக்கொண்டிருக்கும்போது சிரித்தாள். “மணல் புயலாமே. அவனுக்குப் பொய்கூட ஒழுங்கா சொல்ல வரல. மார்ஜரி, அவன் அதைச் சொல்றப்ப நீ மூஞ்சியைக் காட்டிக் குடுத்துடாத” என்றாள். நானும் காட்டிக்கொடுக்கவில்லை. நீங்கள் இரண்டு பேரும் படுத்திய பாட்டில் நான் எப்படிப் பைத்தியம் ஆகாமல் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் நீ சாயங்காலம் சாயங்காலம் அந்த ஏரியை ஆரம்பித்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். எடுக்கப்போகாத காட்சியை நீ எடுக்கப்போவதாகச் சொல்கிறாய், அவளும் தெரிந்தே செருப்பைக் கழற்று, பறவையைக் கொண்டுவா என்கிறாள். அவள் பறவை வேண்டும் என்று கேட்டதற்கு மறுநாள், நீ மருந்து வாங்கப் போயிருந்தபோது, அவளிடம் சொல்லிவிட்டேன். போதும் எட்னா, உனக்குத் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிடு, இந்த நாடகம் யாருக்காக, இருக்கிற நாலு நாளாவது உண்மையாகப் பேசுங்கள் என்றேன்.

அவள் என்ன சொன்னாள் என்பதை அப்படியே எழுதுகிறேன், ஒரு வார்த்தையும் மாற்றவில்லை.

“அவன் எடுத்ததையெல்லாம் இத்தனை வருஷமா ஊரே பாத்துச்சு, மார்ஜரி. நானும் கூட்டத்தோட கூட்டமா உக்காந்து பாத்தேன். இது ஒண்ணத்தான் அவன் எனக்கு மட்டும் எடுக்கறான். நீ கெடுத்துடாத. இன்னும் முடியல, நான் பாக்கணும்.”

சாப்பிடு, கிளிஃப். ஈஸ்டருக்கு இங்கே வா.

மார்ஜரி